அப்பாவின் தொப்பை

சத்துவாச்சாரிக்காரன்: எனக்கு 38 வயது, 91 கிலோ. அப்பா, அத்தை எல்லோருக்கும் இதே தொப்பைதான். அதே சாம்பாரைச் சாப்பிடும் தம்பி மட்டும் ஒட்டடைக்குச்சி. இது மரபணுவா, ஞாயிறுதோறும் ஆம்பூர் பிரியாணியா?

லேப் அக்கா: இரண்டும்தான் தம்பி. எஃப்டிஓ மரபணுவின் ஒரு மாறுபாட்டை 2007இல் ஐரோப்பியர்களிடம் கண்டார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். பசியைக் கூட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. உடன்பிறந்தவர்களுக்குள்ளும் சீட்டு மாறி விழும்.

குடியாத்தம் மாமா: அப்போ 3 கிலோ மரபணு, மிச்சம் பிரியாணி!

லேப் அக்கா: இல்லை மாமா, இதுபோல நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேரும். உடலுழைப்பு இருந்தால் எஃப்டிஓவின் பிடி தளரும்.

சத்துவாச்சாரிக்காரன்: சரி, நாளை முதல் கோட்டை அகழியோரம் நடை. தம்பியையும் இழுத்துப்போகிறேன், சும்மா விடுவேனா!