மறு: ஸ்லோப் கைட் – ‘சாய்மட்டம்’ சரிவருமா?

> ‘சாய்வு வழிகாட்டி’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் அண்ணா,

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். வரைபில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் மெல்லிய கோடுகளைத்தான் பலரும் வழிகாட்டிக் கோடு என்பார்கள். ‘ஸ்லோப் கைட்’ (slope guide) என்று நாம் தமிழ்ப் பெயர் தேடும் பொருள், வரைபின் ஓரமாக நின்று கோட்டின் சரிவுக்கு அளவு சொல்வது. ஒரு புள்ளியிலிருந்து பனையோலை விசிறிபோல நாலைந்து கோடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் அதன் சாய்வு.

மாரியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்மட்ட வரைபை எடுங்கள். குளம் நிரம்பினால் 36 அடி. இன்று எத்தனை அடி என்று அச்சிலேயே வாசித்துவிடலாம். குளத்துக்குக் கீழே இருக்கும் கண்டாவளைப் பக்கத்துச் சனத்துக்கு அது போதாது, ‘நாளுக்கு எவ்வளவு ஏறுது?’ என்று தெரியவேண்டும். அந்த விடை கோட்டின் சரிவில் இருக்கிறது. சரிவுக்கோ அச்சே கிடையாது. அதே தரவு அகலத் தாளில் மெல்ல ஏறும், ஒடுங்கிய கைபேசித் திரையில் செங்குத்தாக நிற்கும். விசிறியை அதே அளவுத்திட்டத்தில் வரைந்துவிட்டால், வரைபை இழுக்கும்போது அதுவும் சேர்ந்து இழுபடும்.

ஆக, இது அளக்கிற சாமான். இங்கே பிள்ளைகள் கையில் இருப்பது அடிமட்டம், தச்சரிடம் மூலைமட்டம். அந்த வரிசையில் சாய்மட்டம். தமிழகத்து நண்பர்களுக்கு அடிமட்டம் என்றதும் கட்சித் தொண்டர்தான் நினைவுக்கு வருவாராம், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மானி’ சேர்க்கலாம் என்றால், சாய்வுமானி நிலம் அளப்பவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. எங்கள் பாடநூல் சாய்வைப் படித்திறன் என்கிறது, சரி. ஆனால் ‘படித்திறன்மட்டம்’ என்றால் பிள்ளையின் படிப்பை அளப்பதுபோல இருக்கிறது.

மட்டம் என்றால் சமதளம் அல்லவா என்ற மறுப்பு நியாயம்தான். அடிமட்டத்தில் சமதளமா இருக்கிறது?

பட்டையின் அகலத்தை அளக்கும் சாமானுக்கான பெயர்தான் இன்னும் இடிக்கிறது. நம்பிக்கை ஆயிடையை, அதாவது மதிப்பீடு எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்ற எல்லையை, கோட்டைச் சுற்றிப் பட்டையாகப் போட்டால், கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் பட்டை ஒடுங்கித் தெரியும். கண் அதைக் குறுக்காக அளக்கிறது. அளக்கவேண்டியதோ மேலிருந்து கீழாக. பக்கத்தில் ஒரு சிறு நிமிர்கோலை நட்டுவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன ‘அகலமட்டம்’ படுத்துக்கிடப்பதுபோல ஒலிக்கிறது. துருசடியில் (குளத்து மதகடியில்) நீரளக்க நட்டிருக்கும் கோலுக்குக் கமக்காரர் என்ன பேர் சொல்கிறார்கள் என்று நாளைக்குக் கேட்டு எழுதுகிறேன்.