சாட்சி சொல்லப் போன கோப்பு

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

ஒரு அரசுத் துறையின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். நாங்கள் வாங்கிய மேசை நாற்காலிகள் பற்றித் தணிக்கையாளர்கள் எழுப்பிய ஆட்சேபம் (தணிக்கைத் தடை), அரசுச் செலவுக் கணக்கை ஆராயும் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போய்விட்டது. கேள்வி வந்தபோது வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் ஓய்வு, ஒருவர் காலமாகிவிட்டார். கோப்பைத் தேடி எடுக்கவே மூன்று வாரம்.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லேயே வந்துவிட்டது. அதில் சிறு தொகைக் கொள்முதலுக்கு விலக்கு உண்டு. அந்த இடுக்கில்தான் நுழைந்திருந்தார்கள். ஒரே தேவையை ஐந்து ஆணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரம்புக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். கோப்பில் மூன்று விலைப்புள்ளிகள். மூன்றிலும் ‘நாற்க்காலி’ என்று ஒரே எழுத்துப்பிழை!

விசாரணையன்று செயலாளர் முன்வரிசையில். நான் பின்னால், மடியில் கோப்போடு. சீட்டு எழுதி முன்னால் தள்ளுவதுதான் என் வேலை. ஏன் பிரித்தீர்கள் என்பதற்கு ‘அவசரத் தேவை’ என்று பதில் தயார். ஒரு உறுப்பினர் அதைத் தொடவே இல்லை. “சரக்கு வந்து இறங்கினபோது எண்ணிப் பார்த்தது யார்?” என்று மட்டும் கேட்டார்.

இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்து ஆணைகளின் வரவும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் ஏறியிருந்தது. என்னத்தை எழுதுவது? ‘பதிவேட்டில் வரவு உள்ளது’ என்று எழுதித் தள்ளினேன். செயலாளர் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எழுத்துமூலம் தருகிறோம்” என்றார்.

நுகர்வோர் அமைப்புத் தன்னார்வலர்:

சார், உங்களைத் தேடிக் குழு வந்தது. நாங்கள் குழுவைத் தேடிப் போனோம். 2015 நுகர்வோர் பாதுகாப்பு மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவில் இருந்தபோது நாலு பக்கம் கருத்து எழுதி அனுப்பினோம். 2016 ஏப்ரலில் அறிக்கை வந்தது. ஏமாற்று விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கு முதல் முறை 10 லட்சம் அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று பரிந்துரை. எங்களுக்கு ஒரே குஷி. அப்புறம் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள், 2018 மசோதா காலாவதியானது, 2019ல்தான் சட்டமானது. அபராதமும், விளம்பரத்தில் தோன்றத் தடையும் தங்கின. பிரபலங்களுக்கான சிறை போயே போய்விட்டது.

புதியவர்:

ஒரு சந்தேகம். அரசு வாங்கிய நாற்காலி உடைந்து விழுந்தால், உட்கார்ந்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா? பணம் கொடுத்தது அவர் இல்லையே?

தன்னார்வலர்:

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(7)ஐப் பாருங்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அதை வைத்து வாதாடிப் பார்க்கலாம்.

கண்காணிப்பாளர்:

பிரிவெல்லாம் சரி தம்பி. உட்காருவதற்கு நாற்காலி வந்திருக்க வேண்டுமே.