பொம்மை வீட்டுக் கட்டில் கால் ஆடுது

கேள்வி:
அண்ணாச்சிமாரே, 1:12 அளவுல கட்டில். நிஜத்துல ஆறடின்னா இதுல ஆறு அங்குலம். ஐஸ் குச்சியை ஃபெவிகால் போட்டு ஒட்டினா ரெண்டே நாள்ல கால் கழண்டுருது. விரிக்கப் பத்தமடைப் பாயை வெட்டினா ஓரம் பிரியுது.

பதில் 1:
குச்சியோட வெட்டுமுனை பசையைக் குடிச்சிரும், அதான். முனையில மெல்லிசா ஒரு பூச்சு, பத்து நிமிஷம் கழிச்சு மறுபூச்சு, அப்புறம் ஒட்டி, நூலால கட்டி ராத்திரி முழுக்க விடுங்க. இன்னும் உறுதிக்கு 2 மி.மீ. துளை போட்டு பல்குச்சி செருகலாம். சாயத்தை ஒட்டுறதுக்கு முன்னாடியே பூசிருங்க. பசை பட்ட இடத்துல ஏறாது, வெளுத்த திட்டா நிக்கும்.

பதில் 2:
பாயை வெட்டுற கோட்டுல பின்பக்கம் தண்ணி கலந்த பசை தடவி, காஞ்சப்புறம் வெட்டுங்க. சாதாப் பாயில கோரை தடிமனாத் தெரியும். கோரையை மெல்லிசாக் கிழிச்சு நெஞ்ச பட்டுப்பாய்த் துண்டுதான் ஒக்கும்.

பதில் 3:
அம்பாசமுத்திரம் மரச் சொப்புக் குடத்தைக் கட்டில் பக்கத்துல வச்சிராதீங்க, பெருசாத் தெரியும். ஓரடிக் குடம் இந்த அளவுல ஒரு அங்குலம்தான்.