ஒயில் பிறஷர் முள் முப்பதில நிண்ட கதை: உங்கட அனுபவங்களையும் சொல்லுங்கோ

கோண்டாவிலில் இருந்து:

என்னட்டை இருக்கிறது 1967 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய ஸ்ரீ நம்பர். மாமா கொழும்பில ஓடினது, அவருக்கு ஏலாமல் போன பிறகு என்னட்டை வந்தது. டாஷ்போர்ட்டில ஒரே வட்டத்துக்குள்ள ரெண்டு முள், மேல ஒயில் பிறஷர், கீழ தண்ணிச் சூடு. கையேட்டின்படி ஓடேக்கை 50 தொடக்கம் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை றாத்தல்) இருக்கவேணும். எஞ்சின் சூடாகி ஐட்லில, அதாவது கார் ஓடாமல் எஞ்சின் மட்டும் மெல்லச் சுத்திக்கொண்டு நிக்கேக்கை 10 தொடக்கம் 25.

ஏ9 ரோட்டில முதல் தரம் தூரப் பயணம் வெளிக்கிட்டன். ஆனையிறவு நேர் ரோட்டில காலை நல்லா அமத்திப்போட்டு முள்ளைப் பாத்தால் முப்பது. முறிகண்டியில நிப்பாட்டி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கித் திண்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பப் பாத்தன். அதே முப்பது. அதுக்கு மேல போக மனம் வரேல்லை, மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு வந்திட்டன்.

முதல் போன கராஜில பொனற்றைக்கூடத் திறக்கேல்லை. “பெயாரிங் போட்டுது, எஞ்சின் இறக்கவேணும், கிராங்க் தண்டு அரைக்கவேணும்” எண்டு ஒரே மூச்சில சொல்லிப்போட்டினம். ரெண்டாவது இடத்தில தடிப்பான ஒயில் விடச் சொன்னவை. விட்டன். முள் அசைஞ்சு குடுக்கேல்லை.

மூண்டாவதாத்தான் சுன்னாகப் பக்கம் ஒரு வயசான ஐயாவிட்டைப் போனன். அந்தக் காலத்து ஹயரிங் கார்களோட வாழ்ந்த மனுசன். பொனற்றைத் திறந்த உடன சிரிச்சார். “தம்பி, இது எங்கட கேம்பிறிட்ஜின்ர எஞ்சின் எல்லோ.” உண்மைதான். ஒஸ்ரின் ஏ60 கேம்பிறிட்ஜில கிடந்த 1622 சிசியும் இந்த 1798 சிசியும் ஒரே பி சீரிஸ் குடும்பம். நான் ஏதோ வெளிநாட்டு அதிசயம் எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்ததை, அவர் யாழ்ப்பாணம் முழுக்க ஆள் ஏத்தித் திரிஞ்ச சாமானாக் கண்டார்.

ஐயா எடுத்த எடுப்பில எதையும் கழட்டேல்லை. பழைய லொறி ஒண்டின்ர ஒயில் கேஜில செப்புக் குழாய் ஒட்டி வைச்சிருந்தார். என்ர கேஜுக்குப் போற பைப்பை புளொக்கில கழட்டிப்போட்டு அதைப் பூட்டினார். என்ர முள் முப்பது காட்டின இடத்தில லொறி முள் முப்பத்திரண்டு. “உன்ர முள் பொய் சொல்லேல்லை. பைப் அடைச்சிருந்தால் முள் மெல்ல மெல்ல ஏறும், ஆனால் கடைசியில உள்ள இடத்துக்கு வந்து நிக்கும். இது அதுவும் இல்லை. காரை விட்டிட்டுப் போ, விடியப் பாப்பம்.”

விடிய, எஞ்சின் குளிர்ந்து கிடக்கேக்கை ஸ்ரார்ட் பண்ணினார். தடிப்பான ஒயில், குளிர் எஞ்சின். அறுபது, எழுபதுக்கு எழும்பவேண்டிய முள் முப்பதில வந்து நிண்டது. ரேஸ் பண்ணினார், முப்பது. இன்னும் பண்ணினார், முப்பது. “பாத்தியோ, மதிலில முட்டின மாதிரி நிக்குது. பெயாரிங் தேய்ஞ்ச எஞ்சின் குளிரில நல்லாக் காட்டும், சூடு ஏற ஏறத்தான் இறங்கும், ஐட்லில விழுந்துபோகும், ரேஸ் பண்ணினால் திரும்ப எழும்பும். உன்ர சாமான் ஐட்லில பதினெட்டு நிக்குது. அது பிழையில்லை. மேல போகத்தான் விடுதில்லை.”

எஞ்சினின்ர இடது பக்கம் பின்னுக்கு, குவிஞ்ச தலையோட ஒரு பெரிய நட் இருக்கு. அதுக்குள்ளதான் றிலீவ் வால்வ், ஒரு ஸ்பிரிங்கும் கிண்ணம் மாதிரி ஒரு பிளஞ்சரும். பம்ப் அமுக்கிற ஒயில் அளவுக்கு மிஞ்சினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திரும்ப எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தொட்டி, சம்புக்குள்ள போயிடும். அந்த ஸ்பிரிங்கைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவினார். கராஜுக்குப் பின்னால பூவரசுக்குக் கீழ கிடந்த ஒரு கேம்பிறிட்ஜ் புளொக்கில இருந்தும் ஒண்டைக் கழட்டினார். ரெண்டையும் வாங்கில பக்கத்தில பக்கத்தில நிப்பாட்டினார். என்ரது ஒரு நகத்தளவு கட்டை, கம்பியும் மெல்லிசு. ஆரோ எப்பவோ கையில அகப்பட்டதைப் போட்டுவிட்டிருக்கினம். முப்பது றாத்தலிலேயே அது திறந்து விட்டிருக்கு.

ஸ்பிரிங்குக்குப் பின்னால ஒரு வாஷர் வைச்சால் காணாதோ எண்டு கேட்டன். முகத்தைச் சுழிச்சார். “வைச்சால் முள் ஏறும். பிறகு உண்மையா ஒரு பிழை வந்தால் முள்ளைப் பாத்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?” பிளஞ்சரை ஒயிலில தோய்ச்சு ஓட்டைக்குள்ள விட்டுப் பாத்தார். தன்ர பாரத்திலேயே வழுக்கி இறங்கினது. அதுக்குப் பிறகுதான் கேம்பிறிட்ஜ் ஸ்பிரிங்கைப் போட்டுப் பூட்டினார். பருத்தித்துறை மட்டும் ஓடிப்போட்டு வந்து பாத்தால் ஓட்டத்தில 55, ஐட்லில 20. தடிப்பான ஒயிலையும் திரும்ப வழமையான 20டபிள்யூ-50க்கு மாத்தியாச்சு.

உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கோ.

நெல்லியடியில் இருந்து:

தம்பி, என்னுடையது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, மொறிஸ் மைனர். அதற்கு முள்ளும் கிடையாது, லைற் மட்டும்தான். ஆனாலும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் இங்கு பெற்றோல் தடை. போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம். ஐட்லில் ஒயில் லைற் மினுங்கத் தொடங்கியது. ஒயில் குறைந்துவிட்டதென்று டிப்ஸ்ரிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்தால், விட்ட அளவைவிடக் கூடிக் கிடந்தது! எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களுக்குள்ளால் கீழே இறங்கி ஒயிலோடு கலந்திருக்கிறது. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடும், மணத்திலேயே பிடிபடும். ஒயிலை மாற்றினால் லைற் அணைந்துவிடும், சில நாளில் திரும்பவும் வரும். அந்தக் காலத்தில் ஒயிலுக்கு எங்கே போவது? அதனால் இன்றைக்கும் ஒயில் பிறஷர் குறைவென்று யார் வந்தாலும், முதலில் டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பார் என்றுதான் சொல்லுவேன். பெற்றோல் பம்ப் எஞ்சினில் பூட்டியிருக்கிற கார்களில் பம்புக்குள் இருக்கிற டயபிறம் என்ற சவ்வு கிழிந்தாலும் பெற்றோல் ஒயிலோடு கலந்து இதே சங்கதிதான்.

ரொறொன்ரோவில் இருந்து, பிறந்தது அரியாலை:

அண்ணை, என்னட்டை 1996 மாஸ்டா எம்எக்ஸ்-5. முள் எப்பவும் நடுவில நிக்கும். குளிரோ சூடோ, ஐட்லோ ஓட்டமோ, அசையாது. என்ன அருமையான எஞ்சின் எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு திரிஞ்சன். பிறகுதான் தெரிஞ்சுது, 1995 தொடக்கம் வந்த மொடல்களில அது உண்மையான கேஜ் இல்லை, லைற்றுக்குப் பதிலா ஒரு முள், அவ்வளவுதான். கொஞ்சம் பிறஷர் இருந்தாலே நடுவுக்கு வந்திடும். அதுக்கு முந்தின மொடல்களில மெய்யான கேஜ். என்ர சிநேகிதன் 1991 கார் வைச்சிருக்கிறான். சூடாகி சிக்னலில நிக்கேக்கை முள் இறங்குதெண்டு பயந்து, என்ர முள்ளைக் காட்டி “உன்ரது நல்ல எஞ்சின் மச்சான்” எண்டு பொறாமைப்பட்டவன். கடைசியில அவன்ர எஞ்சின் சுகமாத்தான் இருந்தது. பிறஷரை அளந்து முள்ளுக்கு அனுப்புற செண்டர் (sender) தான் பழுது, புதுசு போடச் சரிவந்திட்டுது.

மானிப்பாயில் இருந்து:

எல்லாரும் நல்லா முடிஞ்ச கதை சொல்லுறியள். நான் மற்றதைச் சொல்லுறன். எனக்கும் எம்ஜிபிதான். குளிரில 60, சூடானால் ஐட்லில 5, ரேஸ் பண்ணினால் 35. அந்த ஐயா சொன்ன அதே அடையாளம், பெயாரிங்தான். ஆனால் எனக்கு எஞ்சின் இறக்க மனமில்லை. கேஜ் பிழை எண்டு புதுக் கேஜ் வாங்கினன், அதுவும் 5 காட்டினது. தடிப்பான ஒயில் விட்டன், 10க்கு வந்தது, சரியெண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டன். மாங்குளம் தாண்டேல்லை, அடியில இருந்து டக் டக் எண்டு தட்டத் தொடங்கிட்டுது. லொறியில ஏத்திக்கொண்டு வந்து பிரிச்சால், பெயாரிங் ஷெல்லில வெள்ளை உலோகம் எல்லாம் போய் செம்பு தெரியுது, கிராங்கில நகம் கொழுவிற அளவுக்குக் கீறல். முதல் நாளே இறக்கியிருந்தால் ஷெல்லோட முடிஞ்சிருக்கும்.

சுண்டுக்குளியில் இருந்து:

ஒரு கேள்வி அண்ணையவை. எனக்குக் காலமையில ஸ்ரார்ட் பண்ணினால் ஏழெட்டு செக்கன் முள் பூச்சியத்தில நிக்கும், பிறகு டக்கெண்டு 60க்குப் போகும். இது என்ன?

கோண்டாவிலில் இருந்து, பதில்:

தம்பி, உம்மட பில்ரர் தலைகீழாப் பூட்டின வகையோ? அப்பிடியெண்டால் இரவு முழுக்க ஒயில் வடிஞ்சு வெறுமையாக் கிடக்கும், அது நிரம்பும் மட்டும் முள் அசையாது. ஒயில் திரும்பி வடியாமல் உள்ளுக்குள்ள வால்வ் இருக்கிற பில்ரர் போட்டுப் பாரும். அப்பவும் நிண்டால் எங்கட ஐயாவிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்.

அது சரி, அந்தக் கட்டை ஸ்பிரிங்கைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறன். அது எந்த வாகனத்தின்ரது எண்டு ஐயாவுக்கும் தெரியேல்லை. ஆருக்கும் தெரியுமோ?

நெல்லியடியில் இருந்து:

தம்பி, அது வாகனத்தினதே இல்லைப் போலக் கிடக்கிறது. எங்கள் வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசினில் இப்படி ஒன்று இருந்தது. நாளைக்குக் கழட்டி அளந்து பார்த்துச் சொல்கிறேன்.