வலது பக்கம் செத்துப்போன ஹெட்போன்: வன்னியில் யாராவது திருத்துவார்களா?

அண்ணாமார், தம்பிமார், கிளிநொச்சியில் வீட்டு அறையொன்றில் பாட்டு, கூத்துப் பதிவு செய்கிறேன். என்னிடம் இருப்பது பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சத்தம் வெளியே கசியாத மூடிய வகை ஹெட்போன், மின்தடை 80 ஓம். ஆறு வருடப் பாவனை. மூன்று கிழமைக்கு முதல் கதிரைச் சில்லு வயரில் ஏறிவிட்டது. பிழை என்னுடையதுதான்.

அன்றிலிருந்து வலது பக்கம் விட்டுவிட்டு வருகிறது. வயர் இடது கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தை விரலால் அமத்திப் பிடித்தால் இரண்டும் கேட்கும். விட்டால் கரகரப்பு, அப்புறம் வலது பக்கம் மௌனம்.

அடப்டர் மாற்றினேன், வேறு இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகினேன். டவுனில் ரேடியோ திருத்தும் ஐயா ஜாக்கை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்தார். பலனில்லை. மீற்றரில் இடது பக்கம் 80 ஓம் அளவில் நிற்கிறது. வலது பக்கம் வயரை வளைத்தவுடன் அறுந்ததாகக் காட்டுகிறது. ஆக, முறிவு கிண்ணத்தின் வாயில்தான்.

கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாத திறந்த வகை ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். ஹெட்போனில் ஓடும் தாளச் சத்தம் முழுக்க வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிட்டது. தகரக் கூரையில் மழை விழுவதே போதாதா!

2024இல் வந்த டிடி 770 ப்ரோ எக்ஸில் வயரைக் கழற்றலாம், 48 ஓம்தான். அந்த மாதிரி மூடிய வகை ஒன்றை வாங்கத்தான் காசு சேர்க்கிறேன். ஆனால் வைகாசிப் பொங்கலுக்குள் அம்மன் பாட்டுகளை முடித்துக் கொடுக்க வேண்டும்.

இடது கிண்ணத்தைத் திறந்து, வயரைக் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரி மினி எக்ஸ்எல்ஆர் சொக்கற் (சிறிய வட்டச் செருகி) பொருத்தித் தரக்கூடியவர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் யாராவது இருக்கிறார்களா?