மறு: தனக்குத்தானே பேசிக்கொள்வதற்குக் கலைச்சொல் (அவசரம்)

ஐயா, வணக்கம்.

> ‘புலம்பே தனிமை’ என்பது தொல்காப்பியம். தனிமையில் எழும் பேச்சு புலம்பல். புதுச்சொல் எதற்கு?

தொல்காப்பிய உரியியல் சொல்வது சரிதான் ஐயா. ஆனால் இன்றைக்கு ஆசிரியர் பயிற்சி மாணவி ‘குழந்தை புலம்புகிறது’ என்று படித்தால், பாவம் அதற்கு என்ன குறை என்றுதான் கேட்பாள். பாடத்தில் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொல்லும் பையனுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தரை வயது, டிராம் வண்டி வரைகிறான், பென்சில் முனை முறிந்துவிடுகிறது, அழுத்தி அழுத்திச் சக்கரத்தை முடிக்கப் பார்க்கிறான், தாளில் நிறமில்லாத தடம்தான் விழுகிறது. ‘உடைஞ்சு போச்சு’ என்று முணுமுணுத்துவிட்டு வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த டிராமை வரையத் தொடங்குகிறான். அடுத்து என்ன வரைவது என்பதை அந்த முணுமுணுப்பே தீர்மானித்துவிட்டது, பாருங்கள்!

இந்தப் பேச்சு வளர வளர மறைந்துவிடும் என்றார் சுவிஸ் உளவியலாளர் பியாஜே. மறையவில்லை, உள்ளே போய்விடுகிறது என்றார் வைகாட்ஸ்கி, 1934இல் வந்த நூலில். ஆக, வாய்விட்டுப் பேசுவதும் மனதுக்குள் பேசுவதும் ஒரே பேச்சின் இரண்டு நிலைகள். சொற்களும் அப்படி இணையாக நின்றால்தான் பாடம் விளங்கும்.

‘தனிமொழி’ என்று வைக்கலாமென்றால், அதை ஒற்றைச் சொல் என்ற பொருளில் இலக்கணம் எடுத்துக்கொண்டுவிட்டது, தொடர்மொழி, பொதுமொழியோடு. ‘நெஞ்சொடு கிளத்தல்’ எனக்கும் பிடித்ததுதான், குறளில் 125ஆம் அதிகாரமே அது. ஆனால் அங்கே நெஞ்சு எதிரே நிற்கிறது, தலைவி அதைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். பையனுக்கு எதிரே யாரும் இல்லையே.

எனவே தற்பேச்சு, உட்பேச்சு. தற்காப்பு, உட்பொருள் போலப் புணர்ச்சியும் சரியாக வருகிறது. ‘சுயபேச்சு’தான் எளிது என்ற நண்பருக்கு: ‘சுய’வை வைத்தால் உள்ளே போகும் பேச்சுக்கு இணை எங்கே தேடுவது?

வெள்ளிக்கிழமை பாடத்தை அனுப்பியாக வேண்டும். மறுப்பு இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்.

---

தம்பி,

உட்பேச்சு சரி. தற்பேச்சு எனக்கு ஒட்டவில்லை, தற்புகழ்ச்சி, தற்பெருமை வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தன்னைப் பற்றிப் பேசுவது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கெடுவுக்காக நிறுத்திவைக்க வேண்டாம், அனுப்புங்கள், ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம், ‘புலம்பு’க்கும் ‘புலம்’ என்பதற்கும் உறவு உண்டா என்று ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.