வடக்குத் தெரு வீடு (குடும்பக் குழு)

சரவணன்: வெள்ளிக்கிழமை காலை பந்தக்கால். ஈசானிய மூலையில் ஆட்டுக்கல் கிடக்கிறது. நகர்த்த இரண்டு ஆட்கள் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

மீனா சித்தி: 1,500ஆ!

முருகேசன் பெரியப்பா: ஆளே வேண்டாம். கொல்லையில் 5 அடிக் கடப்பாரை இருக்கிறது. நுனியிலிருந்து அரை அடி தள்ளி முண்டு கொடுத்தால் கைப்பக்கம் நாலரை அடி. ஒன்றுக்கு ஒன்பது. கல் 100 கிலோ என்று வைத்துக்கொள். ஓரத்தை மட்டும் கிளப்புவதால் ஏறத்தாழப் பாதி எடைதான் கடப்பாரைக்கு வரும். 50ஐ 9ஆல் வகு. 6 கிலோகூட இல்லை. மீனாவே தூக்கிவிடுவாள்.

மீனா சித்தி: நான் ஏன்?

கார்த்தி: வகுப்பு ஆரம்பம் 🙏

செல்வி அத்தை: அந்த ஆட்டுக்கல் எனக்கென்று அம்மா சொன்னது ஒருவருக்கும் நினைவில்லையா?

சரவணன்: மூன்றாவது மாடியில் எங்கே வைப்பீர்கள், அத்தை?

செல்வி அத்தை: அது என் பாடு.

முருகேசன் பெரியப்பா: ஒன்று கவனி. கல் 2 அங்குலம் எழும்ப, கை 18 அங்குலம் இறங்க வேண்டும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டியாக வேண்டும். முண்டுக்குச் செங்கல் வைக்காதே, நொறுங்கும். கருங்கல் துண்டு வை. எழும்பியதும் அடியில் கட்டையைத் தள்ளு, கையை நுழைக்காதே.

கார்த்தி: கிணற்றுக் கப்பியைக் கழற்றிக் கட்டி இழுத்தால்?

முருகேசன் பெரியப்பா: மேலே கட்டிய ஒற்றைக் கப்பி திசையைத்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. பாரத்தோடு கூடவே ஏறும் இன்னொரு கப்பி இருந்தால்தான் பாதியாகும். பாக்குவெட்டியைப் பார். அதுவும் நெம்புகோல்தான். ஆணி ஒரு முனையில், கை மறுமுனையில், பாக்கு நடுவில். பாக்கை ஆணிப் பக்கம் ஒட்டி வைத்தால் இன்னும் எளிது. அம்மா கடைசிவரை கொட்டைப்பாக்கு வெட்டியது அப்படித்தான்.

செல்வி அத்தை: நல்ல வேளை சொன்னாய், அண்ணா. அந்தப் பித்தளைப் பிடி போட்ட பாக்குவெட்டி இப்போது யாரிடம்?

மீனா சித்தி: என்னிடம் இல்லை.

செல்வி அத்தை: உன்னைக் கேட்கவேயில்லையே.

சேகர் மாமா: சமையல்காரர் தேங்காய்க் கணக்குக் கேட்கிறார்.

செல்வி அத்தை: கல்லை நகர்த்தும்போதே டெம்போவில் ஏற்றிவிடுங்கள். வாடகை நான் தருகிறேன்.

முருகேசன் பெரியப்பா: டெம்போத் தளம் 3 அடி உயரம் என்றால் 9 அடிப் பலகையைச் சாய்த்துப் போடு. சாய்தளம். மூன்றில் ஒரு பங்கு விசை போதும். உராய்வு தனி, அதனால் அடியில் உருளைக் கட்டை கொடு.

சரவணன்: நீங்கள் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள், பெரியப்பா.

முருகேசன் பெரியப்பா: முழங்கால் வலி. படம் வரைந்து அனுப்புகிறேன்.

கார்த்தி: 😂😂

சரவணன்: 1,200க்கு வருவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

முருகேசன் பெரியப்பா: கடப்பாரை இருக்கும்போது எதற்கு?

கார்த்தி: கடப்பாரை எதிர்வீட்டில். வேலி போட வாங்கிப் போனார்கள்.

மீனா சித்தி: போன பொங்கலுக்கு!

செல்வி அத்தை: ஏற்றுகிறீர்களா இல்லையா?

சேகர் மாமா: தேங்காய்?